சத்தம் குறைந்த ஞாயிற்றுக்கிழமை

காகித ஆலையின் பம்ப் அறையில் அறுபத்து நான்கு வால்வுகள் இருந்தன. சனிக்கிழமைதோறும் ஃபிட்டர் அவற்றில் ஒவ்வொன்றாக முழுக்க மூடி, முழுக்கத் திறந்து, பழைய நிலைக்கே கொண்டுவந்து விடுவான். வெட்டி வேலை என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஆனால் சும்மா கிடக்கிற வால்வு துருப்பிடித்து இறுகிவிடும். அவசரத்துக்குத் திருப்பினால் அசையாது. பலம் போட்டால் தண்டு முறியும். பதினெட்டு வருஷத்தில் இரண்டு தடவை முறிந்ததைப் பார்த்திருக்கிறான். அதில் ஒரு தடவை பக்கத்தில் நின்றவனுக்கு மூன்று விரல் போயிற்று.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வின் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்துக் கேட்பான். தண்ணீர் உள்ளே எப்படிப் போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். வழி குறுகியிருந்தால் சீறும். மூடிய பிறகும் ஒழுகினால் முனகும். இன்ஜினியர்கள் கருவி வைத்துப் பார்த்துச் சொல்வதற்கு முன்னால் இவன் சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் பெரும்பாலும்தான் அவனைக் கெடுத்தது.

மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் ஒருவர், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, முகம் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வயதுக்குச் சின்ன உருவம் என்பதால் வீட்டில் அவள் பெயர் கடுகு. சீட்டை எடுத்துக்கொண்டு புருஷனும் பெண்சாதியுமாக அவளைக் கூட்டிப் போனார்கள். ஜில்லென்று ஏதோ பசையைத் தடவி நெஞ்சின் மேல் கருவியை உருட்டினார்கள். கடுகு கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். பிறகு குழந்தைகளின் இதயத்தைப் பார்க்கிற டாக்டரம்மா அவர்களை உட்காரவைத்து, ஒரு தாளில் வட்டம் போட்டார்.

“இதயத்திலேர்ந்து ரத்தம் வெளியே போற வாசல்ல மூணு இதழ் இருக்கணும். உங்க பொண்ணுக்குப் பிறவியிலேயே ரெண்டுதான். அதுவும் ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. முழுசாத் திறக்க மாட்டேங்குது.”

“வால்வு ஜாம் ஆகியிருக்குன்னு சொல்லுங்க,” என்றான் ஃபிட்டர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, ஏறக்குறைய அப்படித்தான் என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டு, அப்படியானால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும் என்றும் சொன்னார். அதை அவன் சான்றிதழாக எடுத்துக்கொண்டான்.

மனைவி கேட்டது வேறு. சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள் அவள். கர்ப்பமாக இருந்தபோதும் ஒன்பதாம் மாதம்வரை அந்த ஆவியில்தான் நின்றாள். அதனால் வந்ததா என்று கேட்டாள். அதனால் இல்லை, யாராலும் இல்லை, கருவில் உருவாகும்போதே அப்படி அமைந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது நிம்மதியில் வந்த அழுகை.

இப்போது நடுத்தரமாகத்தான் அடைத்திருக்கிறது, அவசரமில்லை என்றார்கள். ஆனால் பிள்ளை வளர வளர வாசல் இன்னும் இறுகலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்து ஸ்கேன் பார்க்கவேண்டும். வேளை வந்தால் தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, முனையில் உள்ள பலூனை ஊதி வாசலை விரித்துவிடலாம். அதுவரை ஓட்டப் பந்தயம், கனம் தூக்குவது எதுவும் கூடாது. மயக்கம், நெஞ்சுவலி, மேல்மூச்சு வந்தால் அன்றைக்கே வரவேண்டும். புறப்படும்போது ஃபிட்டர் கேட்டதால், அந்தச் சத்தம் எங்கே கேட்கும் என்று டாக்டரம்மா இடத்தைத் தொட்டுக் காட்டினார். நெஞ்செலும்புக்கு வலப்பக்கம், கொஞ்சம் மேலே.

அன்று இரவே அங்கே காதை வைத்தான். கேட்டது. குறுகலான வால்வில் தண்ணீர் சீறுவது போலவே இருந்தது. உள்ளங்கையை வைத்தால் அதிர்வும் தெரிந்தது.

இரண்டு தடவை ஒழுங்காகப் போனார்கள். இரண்டு தடவையும் அப்படியே இருக்கிறது என்றார்கள். மூன்றாவது தடவை மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. ஃபிட்டர் மட்டும் மகளைக் கூட்டிப் போனான். ஆலையை வருஷத்துக்கு ஒரு தடவை முழுக்க நிறுத்தி எல்லாப் பம்பையும் பிரித்துப் போடுகிற வாரம் அது. மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று போர்மேனின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி வந்திருந்தான். மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு, ஸ்கேன் மெஷின் ரிப்பேர், அடுத்த செவ்வாய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த செவ்வாய் அவன் தலைகீழாக நின்றாலும் வர முடியாது.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகளை நிற்கவைத்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். சத்தம் பழையபடியே இருந்தது. பிறகு வந்த மனைவியிடம், அப்படியே இருக்கிறதாம், பயப்பட ஒன்றுமில்லையாம் என்றான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை, கேட்டுவிட்டுத்தானே சொன்னான். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த கடுகு தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் படத்துக்கே திரும்பினாள்.

ஒரு தடவை சுலபமாகச் சொன்னதை அடுத்த தடவை இன்னும் சுலபமாகச் சொல்ல முடிந்தது. ஆறு மாசம் வரும்; செவ்வாய்க்கிழமை வரும்; நான் கூட்டிட்டுப் போறேன், நீ ஏன் வேலையைக் கெடுத்துக்கறே என்பான். அன்று மகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடுவான். ராத்திரி மனைவி கேட்டால் அதே பதில். கவனிக்காமல் விட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் குளிப்பாட்டும் முன் காதை வைத்துக் கேட்டான். ஆஸ்பத்திரி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கிறது, நாம் வாராவாரம் பார்க்கிறோமே என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

ஓடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதையும் அவன் தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொண்டான். வால்வைச் சும்மா வைத்தால் இறுகும் என்பது அவனுக்குக் கைகண்ட விஷயம். ஓடவேண்டாம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொல்லிவைப்பது. தன் பிள்ளைக்குத் தினமும் கொஞ்சம் வேலை கொடுத்தால் வால்வு தானாக இளகும் என்று நினைத்தான். குடியிருந்தது மூன்றாவது மாடி. சாயங்காலம் அவளைக் கீழே கூட்டி வந்து, இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்வான். முதல் வருஷம் அவள் விளையாட்டாக ஏறினாள். இரண்டாவது வருஷம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

முன்பு மாதிரி இல்லை, பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று மனைவி சொன்னாள். வளர்கிற பிள்ளை, சோம்பல் என்றான் ஃபிட்டர். உங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் ரெடி என்றாள் அவள். போன மாசம்கூடப் பார்த்தாச்சே, கோளாறு இருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா என்று அவன் கேட்டதும் அவள் சமையலுக்குத் திரும்பிவிட்டாள்.

கடுகுக்குப் பத்து வயது நடந்தது. ஒரு சனிக்கிழமை பம்ப் அறைக்குள் வந்த வெல்டர், மூலையில் எப்போதும் இரைந்துகொண்டிருக்கிற மூன்றாம் நம்பர் குழாய் லைன் அடங்கியிருப்பதைக் கவனித்தான். வாய் சும்மா இருக்காத ஆள் அவன்.

“என்னப்பா, உன் மூணாம் நம்பர் இன்னிக்கு வாயைத் திறக்கல? கல்யாணம் கில்யாணம் ஆயிடுச்சா?”

“சத்தம் குறைஞ்சா குணமாயிடுச்சுன்னு எவன்டா சொன்னான் உனக்கு?” என்று ஃபிட்டர் எரிந்து விழுந்தான். “தள்ற பம்ப் செத்துக்கிட்டிருக்கும். காதை நம்பாதே, போய் முள்ளைப் பாரு.”

பம்பின் அழுத்தத்தைக் காட்டுகிற முள் பாதிக்குக் கீழே கிடந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே சுழல்கிற சக்கரத்தின் இறக்கைகள் தேய்ந்து பிளேடு மாதிரி ஆகியிருந்தன. மாற்றிப் பூட்டி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. லைன் மறுபடி இரையத் தொடங்கியது.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல மகளின் நெஞ்சில் காதை வைத்தான். இடத்தைத் தவறாக வைத்துவிட்டோமோ என்று மாற்றி மாற்றி வைத்தான். சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. உள்ளங்கையை வைத்தான், அதிர்வே இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டான். ஈரக்கையோடு வந்து அவளும் காதை வைத்தாள். எனக்கென்ன தெரியும், நீங்கள் சொன்னால் சரி என்றாள். ஆனாலும் மகளின் தலையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். இளகிக்கொண்டு வருகிறது என்று ஃபிட்டர் சொன்னான். அன்று வீட்டில் அவன் பாட்டுப் பாடினான் என்பதைப் பிற்பாடு நினைத்தால் அவனுக்கு உடம்பு கூசும்.

பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடுகு இரண்டாவது தடவை படி ஏறிக்கொண்டிருந்தாள். அவன் கீழே நின்று பக்கத்து வீட்டுக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் நின்றது.

“என்ன கடுகு, தூங்கிட்டியா?”

பதில் இல்லை. இரண்டு இரண்டு படியாகத் தாவிப் போனான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் ஒரு மணி நேரம் யாரும் அவனோடு பேசவில்லை. மகளைச் சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போனார்கள். சலவைக் கூடத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். மனைவி இன்னும் வந்து சேரவில்லை. அதே டாக்டரம்மா பழைய ஃபைலோடு வந்தார். அவனை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார். பிள்ளை கண் விழித்துவிட்டாள் என்று முதலில் சொன்னார். அப்புறம் ஃபைலைத் திறந்தார்.

“கடைசியா ரெண்டரை வருஷம் முன்னாடி ஸ்கேன் பாத்திருக்கு. நடுவுல வேற எங்கயாவது காட்டினீங்களா?”

“நான் பாத்தேன்.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். வாராவாரம் கேட்டதை, படி ஏறச் சொன்னதைக்கூடச் சொன்னான். தன் பக்கத்துக்கு ஒரு சாட்சி போலக் கடைசியில் அதையும் சொன்னான்:

“போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு சத்தம் பாதியாக் குறைஞ்சிருந்துது டாக்டர். கைக்கு அதிர்வும் தெரியல. அதான் குணமாகுதுன்னு...”

டாக்டரம்மா பேனாவை மேஜை மேல் வைத்தார். வேகமாகப் போகிற ரத்தத்தினால்தான் அந்தச் சத்தம் என்றார். வாசல் குறுகக் குறுக இதயம் இன்னும் பலமாகத் தள்ளும், சத்தமும் ஏறும். தள்ளித் தள்ளிச் சதை தடித்துப்போகும்.

“ஒரு கட்டத்துக்கு மேல அதால தள்ள முடியாது. அப்போ...”

“பம்ப் செத்துடும்,” என்றான் ஃபிட்டர்.

“சாகல. சோர்ந்து போயிருக்கு,” என்றார் டாக்டரம்மா.

அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெல்டரைத் திட்டியது சனிக்கிழமை. மகளின் நெஞ்சில் காதை வைத்தது மறுநாள் காலை. நடுவில் ஒரே ஒரு ராத்திரி. இரும்புக் குழாய் அமைதியானபோது போய் முள்ளைப் பார்க்கத் தெரிந்தது. மகள் அமைதியானபோது பாட்டுப் பாடினான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் பலூனே போதுமாக இருந்திருக்கும் என்பதை டாக்டரம்மா நேரடியாகச் சொல்லவில்லை. அவன் கேட்டான், அவர் இல்லை என்று சொல்லவில்லை. இப்போது இதழ்கள் தடித்து, ஒழுகவும் தொடங்கிவிட்டன. நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைக்கவேண்டும். ரத்தம் அதில் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. வைக்கிற வால்வு பிள்ளையோடு சேர்ந்து வளராது. பெரியவளானதும் மறுபடி ஒரு ஆபரேஷன் வேண்டியிருக்கும். சோர்ந்த சதை எவ்வளவு தூரம் தேறும் என்பதை இப்போது சொல்ல முடியாது.

மனைவி வந்தபோது கடுகு கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். டாக்டரம்மா மறுபடி முதலிலிருந்து சொன்னார். மனைவி பாதியில் மறித்தாள்.

“ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கரெக்டாக் காட்டிட்டுதானே இருந்தோம்? நல்லாருக்குன்னுதானே நீங்க சொல்லிட்டிருந்தீங்க?”

டாக்டரம்மா ஃபிட்டரைப் பார்த்தார். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“நான்தாம்மா. சட்டையைக் கழட்டச் சொல்வாங்கன்னு வெக்கமா இருந்துது. போகவேணாம்னு அப்பாகிட்ட அழுதேன். உன்கிட்டச் சொன்னா நீ திட்டுவேன்னு, சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மூச்சுப் போதாமல் கண்ணை மூடிக்கொண்டாள். ஃபிட்டர் வாயை மூடிக்கொண்டான். டாக்டரம்மா ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மனைவி அவனிடம் சொன்னது ஒன்றுதான்: பிள்ளை அழுதால் உங்களுக்கு எங்கே போயிற்று புத்தி? அவ்வளவோடு முடிந்தது. அந்தத் திட்டு அவனுக்கு இதமாக இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. அந்த ஆறு மணி நேரமும் அவன் மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடலாம் என்று பலமுறை திரும்பினான். அவள் கை அவன் முழங்கையைப் பிடித்திருந்தது. சொன்னால் அந்தக் கை போய்விடும். பிள்ளை பிழைத்து வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளினான். பிழைத்து வந்தாள். வார்டுக்கு வரட்டும் என்று தள்ளினான். வார்டுக்கும் வந்தாள்.

வார்டில் எட்டாவது நாள். பக்கத்துக் கட்டிலில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், மனைவி ஆரஞ்சு உரித்தபடி பேசிக்கொண்டிருந்தாள். குரல் தணிந்துதான் இருந்தது.

“பொம்பளப் பிள்ளை உடம்பைக் காட்டக்கூடாது, மூடிக்கோ மூடிக்கோன்னு நான்தான் சொல்லிச் சொல்லி வளத்தேன். அதுவே இவளுக்கு எமனா வந்து நின்னுது. டாக்டர் யாராலயும் இல்லன்னாங்க. நான்தான், வேற யாரு.”

கடுகு அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஜன்னலோரம் நின்றிருந்த ஃபிட்டர் கட்டிலுக்கு அருகே வந்தான்.

“அவ வெக்கப்படல. அழவும் இல்ல,” என்றான். “நான்தான் கூட்டிட்டுப் போகல. மொதத் தடவை மெஷின் ரிப்பேர்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் நாலு தடவை நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகல. வீட்ல காதை வெச்சுக் கேட்டுட்டு உன்கிட்டப் பொய் சொன்னேன்.”

பக்கத்துக் கட்டில் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். மனைவி ஆரஞ்சை முழுக்க உரித்தாள். நார் எடுத்தாள். சுளைகளை மகளின் கையில் வைத்தாள்.

“அஞ்சு தடவை நல்லாருக்காம்னு வந்து சொன்னீங்க.”

“ஆமா.”

“அஞ்சு தடவையும் நான் நிம்மதியாத் தூங்கினேன்.”

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், வெகு நேரம் வரவில்லை. வார்டு வாசலில், டாக்டரம்மாவை நிறுத்தி மாத்திரைகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எத்தனை மணிக்கு, மறந்தால் என்ன செய்வது, அடிபட்டால் என்ன செய்வது. அவள் விரல் விட்டு எண்ணுவதும் தெரிந்தது. மறுநாள் மகளை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள்.

ஃபிட்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். கடுகு சுளைகளைத் தின்னாமல் கையில் வைத்திருந்தாள்.

“ஏம்ப்பா சொன்னீங்க? என்னைன்னா அம்மா அஞ்சு நிமிஷம் திட்டுவாங்க. உங்ககிட்டன்னா பேசவே மாட்டாங்க.”

“அம்மா தன்னையே குத்தம் சொல்லிக்க ஆரம்பிச்சுட்டாளேம்மா.”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அதுக்கு நான் வேற ஏதாச்சும் சொல்லியிருப்பேன்.”

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று அவன் கேட்கவேண்டியிருக்கவில்லை. மகளின் முகத்தை உற்றுப் பார்த்தான். மூன்று தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நேற்று ஒன்றுதான் இருந்தது.

“கடுகு, உண்மையைச் சொல்லு. இப்ப மூச்சு வாங்குதா?”

அவள் கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள்.

“கொஞ்சம்.”

“எப்பலேர்ந்து?”

“முந்தா நாள்லேர்ந்து. படுத்தா அதிகமாகுது. சொன்னா வீட்டுக்கு விட மாட்டாங்க. அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பா, ப்ளீஸ்.”

அவன் எழுந்தான். சட்டையைப் பிடித்து இழுத்த அவள் கையை விடுவித்துவிட்டு, வாசலுக்குப் போய், மனைவியிடமும் டாக்டரம்மாவிடமும் சொன்னான். மனைவி அவனைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு வருவதுதான், நல்லவேளை இன்றைக்கே தெரிந்தது என்றார்கள். மருந்தில் மெல்ல வடிந்தது. வீட்டுக்குப் போவது ஒன்பது நாள் தள்ளிப்போயிற்று. அந்த ஒன்பது நாளும் மனைவி அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள். கடுகு அதுகூடப் பேசவில்லை.